சங்கம் 1903, அசரியா போனது 1909. நடுவுல ஆறு வருஷம் எங்க போச்சு?

கரிசல்காடு:
எங்க பக்கத்து சேகரத்து (சில சபைங்க சேர்ந்த வட்டாரம்) வாலிபர் கூட்டத்துல ஒரு தம்பி பேசுன ஆடியோ வாட்ஸ்அப்புல சுத்துது. ஒரே சர்ச்சு, ஒரே பெஞ்சு, அறுப்பின் பண்டிகை ஏலத்துல ஒரு பூசணிக்காய், இதுதான் உங்க விசுவாசமா, அசரியா அத்தியட்சர (பிஷப்) பாருங்க, மிஷனரி சங்கம் ஆரம்பிச்ச கையோட எல்லாத்தையும் உதறிட்டு தெலுங்கு நாட்டு தோர்ணக்கல்லுக்கு ரயில் ஏறிட்டாருன்னு பேச்சு. இந்திய மிஷனரி சங்கம் பாளையங்கோட்டையில ஆரம்பிச்சது 1903. அசரியா குருப்பட்டம் வாங்கி தோர்ணக்கல்ல ஊழியத்துக்கு போனது 1909. ஆறு வருஷம் தம்பி! அத முழுங்கிட்டு பெஞ்சுல உக்காந்திருக்கிற பெரியவங்கள திட்டுனா எப்படி?

ஜெபா_வாலிபர்:
ஆடியோ என்னோடதுதான். முழுசா 40 நிமிஷம் பேசுனேன், உங்களுக்கு அந்த ஒரு வரிதான் காதுல விழுந்துச்சா? வெள்ளாளன்விளையில பொறந்த ஒரு குருவானவர் மகன், ஒய்எம்சிஏ (கிறிஸ்தவ வாலிபர் சங்கம்) செயலாளர் வேலைய விட்டுட்டு, தனக்கு தெரியாத தெலுங்கு பேசுற ஊருக்கு போய் அந்த மொழியவே படிச்சு ஊழியம் செஞ்சாரு. அதுதான் விஷயம். நம்ம ஆளுங்க சேகரம் மாத்துனாலே அழுவாங்க.

கரிசல்காடு:
எந்த வருஷம் விட்டாரு? 1909. சங்கம் எந்த வருஷம்? 1903. இதுக்கு மட்டும் பதில் சொல்லு.

கொயர்_பேஸ்:
ஆறு வருஷம் அவரு சும்மா இருந்த மாதிரில்ல பேசுறீங்க. ஒய்எம்சிஏ வேலையா தென்னிந்தியா பூரா சுத்துனவரு. சௌகரியம்னு யாரு சொன்னா?

கரிசல்காடு:
நானும் அதத்தான சொல்றேன்! இருந்த இடத்துல இருந்தே வேல நடந்துச்சு. முதல்ல வேற ஆள அனுப்புனாங்க, அதுக்கு நம்ம ஜனங்க காசு குடுத்தாங்க. இந்தியர் பணம், இந்தியர் ஆளு, இந்தியர் நிர்வாகம்னுதான சங்கமே நின்னுச்சு. எங்க அப்பாச்சி அடுப்புக்கு பக்கத்துல ஒரு சின்ன மண்பானை வச்சிருப்பாங்க, ஒலைக்கு அரிசி அளந்த பெறகு அதுலருந்து ஒரு பிடி எடுத்து பானையில போட்டுட்டுதான் களைவாங்க, வீட்ல அரிசி கொறச்சலா இருந்த நாள்லயும் அந்த பிடி கொறையாது, ஞாயித்துக்கெழம பானைய சர்ச்சுல கொண்டுபோய் கொட்டுவாங்க. அவங்க ஊர விட்டு எங்கயும் போகல. அவங்கள ‘பெஞ்சு விசுவாசி’ன்னு சொல்ல உனக்கு வாய் வருதா?

ஜெபா_வாலிபர்:
அப்பாச்சிய நான் எங்க சொன்னேன்? வீட்ல அரிசி கொறஞ்ச நாள்லயும் போட்டாங்கள்ல, அது அவங்களுக்கு வலிச்சிருக்கும். இப்ப நாம கவர்ல 100 ரூபா போட்டுட்டு அத மிஷனரி ஊழியம்னு சொல்லிக்கிறோம், அதுல நமக்கு என்ன வலிக்குது? ஆபிரகாம் தான் போற இடம் இன்னதுன்னு தெரியாமலே கிளம்பினாரே, எபிரெயர் 11:8 படிங்க.

கரிசல்காடு:
இயேசு ஊழியம் தொடங்கும்போது ஏறக்குறைய 30 வயசு, லூக்கா 3:23 நீயும் படி. மோசே மீதியான்ல 40 வருஷம். அசரியா ஆறு வருஷம். கர்த்தர் அவசரப்படல, நீ எதுக்கு அவசரப்படுற?

யாழ்_பெடியன்:
ஒருதரும் எங்கட பக்கத்தைச் சொல்லேல்லை. 1902ல அசரியா யாழ்ப்பாணம் வந்தவர். எங்கட கிறிஸ்தவப் பெடியள் தாங்களே சங்கம் வைச்சு, தங்கட காசில இந்தியாவுக்கு ஊழியர் அனுப்பினதைக் கண்டுதான் அவருக்கு அந்த எண்ணமே வந்தது. நீங்கள் 1903 எண்டு தொடங்கிறியள், அதுக்கு முதல் வருசத்தை விட்டிட்டியள்.

கொயர்_பேஸ்:
அண்ணே அது சரி, ஆனா சங்கம் திருநெல்வேலி ஜனங்க வச்சதுதான்.

யாழ்_பெடியன்:
வைச்சது நீங்கள்தான், ஆர் இல்லையெண்டது? ஆரைப் பாத்து வைச்சனீங்கள் எண்டதையும் சேர்த்துச் சொல்லுங்கோ எண்டுதான் கேக்கிறன்.

ஸ்தோத்திரம்_டேவிட்:
இதனாலதான் நான் சபைய மாத்துனேன். ஆவியானவர் போன்னு சொன்னா போகணும், நீங்க கமிட்டி போட்டு ஆறு வருஷம் யோசிப்பீங்க.

கரிசல்காடு:
நீங்க சபை மாத்துனது ஆவியானவர் சொல்லியா, இல்ல போன சேகர மன்ற எலெக்‌ஷன்ல கெடைக்காததாலயான்னு ஊருக்கே தெரியும்.

ஸ்தோத்திரம்_டேவிட்:
தனிப்பட்ட விஷயத்த இழுக்காதீங்க அண்ணாச்சி. நான் ஓட்டு கேக்கவே இல்ல, பேர குடுத்தது உங்க மச்சான்.

நாசரேத்_டீச்சர்:
கொஞ்சம் நிறுத்துங்க ரெண்டு பேரும். வெளிய போறதுன்னா தோர்ணக்கல்தானா? நாங்க நாலு பேரு சனிக்கிழம ஜிஹெச்சுக்கு போறோம். ஆளில்லாத நோயாளிங்களுக்கு கஞ்சி குடுப்போம், நகம் வெட்டி விடுவோம். மொத நாள் ஒரு பாட்டியோட கால் புண்ணு நாத்தம் தாங்காம சேலத் தலப்ப மூக்குல வச்சேன், அந்தம்மா அத பாத்துட்டு கால போர்வைக்குள்ள இழுத்துக்கிட்டாங்க. அதுக்கப்புறம் நான் தலப்ப இடுப்புல சொருகிட்டுதான் வார்டுக்குள்ள போறது. இருபது வருஷம் ஓய்வுநாள் பள்ளி எடுத்தும் எனக்கு வராத ஜெபம் அந்த வார்டுல வந்துச்சு. ஜெபா சொல்றதுல அந்த அளவுக்கு உண்ம இருக்கு.

கரிசல்காடு:
டீச்சர், உங்க ஊழியத்த நான் மதிக்கிறேன். ஆனா நீங்க ஊர்ல இருந்துகிட்டேதான செய்றீங்க? அப்ப என் பக்கம்தான் நீங்க.

நாசரேத்_டீச்சர்:
நான் யார் பக்கமும் இல்ல. ஊர்ல இருந்தாலும் உக்காந்த எடத்த விட்டு எந்திரிக்கணும்ல?

ஜெபா_வாலிபர்:
அதேதான் டீச்சர்! அசரியாவும் எந்திரிச்சாரு. ஆள அனுப்புனது போதும்னு நெனச்சிருந்தா அவரு பாளையங்கோட்டையிலயே மரியாதையா இருந்திருக்கலாம். தானே போனாரு, மாட்டு வண்டியில கிராமம் கிராமமா சுத்துனாரு, 1912ல அத்தியட்சரான பெறகும் ஊர் திரும்பல, 1945ல தோர்ணக்கல்லயே காலமானாரு. கரிசல்காடு அண்ணாச்சி ஆறு வருஷத்த பிடிச்சு தொங்குறாரு, அடுத்த 35 வருஷத்த பத்தி வாயே தெறக்கல.

கரிசல்காடு:
35 வருஷத்த யாரு இல்லன்னா? ‘கையோட’ போனாருன்னு நீ சொன்னது தப்பு. ஒரு வாலிபன் அத கேட்டுட்டு நாளைக்கே வேலைய விட்டுட்டு பையத் தூக்குனா, மொழி தெரியாம, பின்னாடி தாங்குற சபை இல்லாம அங்க போய் என்ன பண்ணுவான்? எங்க தெருவுல ஒரு பையன் அப்படி போயிட்டு ஆறு மாசத்துல மஞ்சக்காமாலையோட திரும்பி வந்தான், இன்னிக்கு வரைக்கும் சர்ச்சு வாசல மிதிக்கல.

ஜெபா_வாலிபர்:
அவன் திரும்பி வந்தப்ப உங்க பெஞ்சுலருந்து எத்தன பேரு அவன் வீட்டுக்கு போனீங்க?

கரிசல்காடு:
பேச்ச மாத்தாத. 1903, 1909. ஆடியோவ திருத்தி திரும்ப போடு, அப்புறம் பேசுவோம்.

ஜெபா_வாலிபர்:
போட மாட்டேன். அடுத்த மாசம் ஒடிசாவுக்கு மிஷன் பயிற்சிக்கு போறேன், அப்பாகிட்டயும் சொல்லியாச்சு.

யாழ்_பெடியன்:
1902 தம்பி. அதையும் போடுங்கோ.