பஸ் நிறுத்தத்தில் அசையாமல் கிடந்தவர்: 108-ஐ அழைத்திருக்க வேண்டுமா?

மாடித்தோட்டம் கேட்டது:

செவ்வாய்க்கிழமை காலை நடந்தது. இன்றைக்கு வியாழன், இன்னும் மனசை விட்டுப் போகவில்லை, அதனால் இங்கே கேட்கிறேன்.

நான் தாம்பரம் பக்கம் இருக்கிறேன். காலை ஷிப்டு, 5.40 பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அன்று நிழற்குடைக்குப் பின்னால் கால்வாய் ஓரமாக ஒருவர் ஒருக்களித்து விழுந்து கிடந்தார். ஐம்பது வயதிருக்கும். சட்டையை பேண்டுக்குள் விட்டு பெல்ட் போட்டிருந்தார். ஒரு செருப்பு காலில், இன்னொன்று ஓரடி தள்ளிக் கவிழ்ந்து கிடந்தது. நிறுத்தத்தில் நாலைந்து பேர் இருந்தோம். ஒருவர் "ராத்திரி போட்டது இன்னும் இறங்கவில்லை" என்று சொல்லிவிட்டு போனைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். எதிர் டீக்கடைக்காரரும் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு பாலை ஆற்றிக்கொண்டிருந்தார்.

நான் கொஞ்சம் பக்கத்தில் போய் "சார், சார்" என்று இரண்டு தடவை கூப்பிட்டேன். பதில் இல்லை. அவர் கண்ணிமை மேல் ஒரு ஈ உட்கார்ந்தது, நகர்ந்து மூக்கோரம் வந்தது, திரும்ப இமைக்கே போனது. அவர் தட்டிவிடவில்லை. அதைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. போனை எடுத்து 108 என்று அடித்துவிட்டேன், ஆனால் அழைப்புப் பட்டனைத் தொடவில்லை. பஸ் வந்தது, ஏறிவிட்டேன்.

ஏன் அழைக்கவில்லை என்று எனக்கே கேட்டுப் பார்த்தேன். குடித்துவிட்டுத் தூங்குகிறவருக்காக வண்டியை வரவழைத்தால் திட்டுவார்களோ என்ற பயம், போலீஸ் என் நம்பரைப் பிடித்துக் கூப்பிட்டால் வீட்டில் என்ன சொல்வது என்ற பயம், இருட்டில் தனியாக ஒரு ஆணைத் தொட்டு எழுப்பத் தயக்கம், இவ்வளவு பேர் சும்மா இருக்கும்போது நான் மட்டும் என்ன என்ற எண்ணம், எல்லாம்தான். இப்படி ஒருவரைப் பார்த்தால் எதைப் பார்க்க வேண்டும், எப்போது அழைப்பது சரி? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தஞ்சை செவிலி:

தங்கச்சி, நீங்கள் பார்த்த ஈயைத்தான் நானும் பார்த்திருப்பேன். தூங்குகிறவர் எவ்வளவு அசந்து தூங்கினாலும் இமையில் ஈ ஊர்ந்தால் முகத்தைச் சுளிப்பார், கை தானாக வரும். அதுகூட இல்லை என்றால் அது தூக்கமாக இருக்க வாய்ப்பு குறைவு. அந்த இடத்திலேயே அழைத்திருக்கலாம்.

அவர் குடித்திருக்கிறாரா என்று நீங்கள் கண்டுபிடிக்க வேண்டியதே இல்லை. இருபது வருடமாக அவசரப் பிரிவில் வேலை பார்க்கிற எனக்கே வாசனையை வைத்துச் சொல்ல முடியாது. குடித்தவர் விழுந்து தலையில் அடிபட்டு உள்ளே ரத்தம் கட்டியிருக்கலாம், மல்லாந்து கிடந்து வாந்தி மூச்சுக்குழாயில் போயிருக்கலாம். சாராயத்தில் மெத்தனால் கலந்திருந்தால் இன்னும் மோசம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேல் இறந்தார்களே, அந்த விஷம் பல சமயம் குடித்த உடனே தெரியாது, பல மணி நேரம் கழித்துத்தான் கண் மங்கும், வயிறு வலிக்கும், அதுவரைக்கும் பார்க்கிறவர்களுக்கு வழக்கமான போதை மாதிரிதான் இருக்கும். ஆகவே "குடிகாரர்தான்" என்று தெரிந்தால்கூட அது போய்விடுவதற்குக் காரணம் ஆகாது.

பார்க்க வேண்டியது இரண்டே விஷயம். முதலில் சத்தமாகக் கூப்பிடுங்கள், "சார்" என்று மெதுவாக இல்லை, தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி. அப்புறம் தோளைத் தட்டுங்கள். தொடத் தயக்கமாக இருந்தால் பையாலோ குடையாலோ கையில் தட்டலாம், தப்பே இல்லை. முனகினாலும், கண்ணைத் திறந்தாலும், கையை இழுத்துக்கொண்டாலும் உங்களுக்குக் கொஞ்சம் நேரம் இருக்கிறது என்று அர்த்தம். எதுவுமே இல்லை என்றால் அடுத்தது மூச்சு. நெஞ்சும் வயிறும் ஏறி இறங்குகிறதா என்று 10 நொடி பாருங்கள், அதற்கு மேல் வேண்டாம். பதில் இல்லை என்றாலே 108-ஐ அழைக்க வேண்டும், மூச்சு இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். இதயம் நின்ற சிலருக்கு முதல் சில நிமிடம், கரையில் போட்ட மீன் வாயைத் திறப்பது போல, விட்டுவிட்டு ஒரு இழுப்பு வரும், குறட்டை மாதிரிச் சத்தம் கேட்கும். சுற்றி நிற்கிறவர்கள் "மூச்சு இருக்கிறதே" என்று சும்மா இருந்துவிடுவார்கள். அது மூச்சு இல்லை. மூச்சே இல்லாவிட்டாலும், இப்படி இழுத்தாலும், போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, ஆளை மல்லாக்கப் படுக்க வைத்து, நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, 5 செ.மீ. ஆழம் போகிற மாதிரி, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்துங்கள். வாயோடு வாய் ஊதத் தெரியாவிட்டால் விட்டுவிடுங்கள், அழுத்தினாலே பெரிய உதவி. மூளைக்கு ரத்தம் போகாமல் நாலைந்து நிமிடம் தாண்டினாலே சேதம் ஆரம்பித்துவிடும், வண்டி வரும்வரை காத்திருக்க முடியாது.

மூச்சு ஒழுங்காக இருந்தால் பக்கவாட்டில் திருப்பிப் படுக்க வைத்து, வாயில் இருப்பது வெளியே வழிகிற மாதிரி முகத்தைச் சாய்த்து விடுங்கள். விபத்தில் விழுந்த மாதிரித் தெரிந்தால் அசைக்காமல் பக்கத்தில் இருந்தால் போதும், வாந்தி வந்தால் மட்டும் தலையையும் உடம்பையும் சேர்த்தே திருப்ப வேண்டும். நினைவில்லாதவர் வாயில் சோடாவோ தண்ணீரோ காபியோ எதையும் ஊற்றக் கூடாது. வலிப்பு என்றால் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பது, பல்லுக்கு நடுவில் கரண்டியை வைப்பது, இதெல்லாம் வேண்டவே வேண்டாம்.

ரயிலடி:

நான் மாற்றுக் கருத்துதான் சொல்லப் போகிறேன், கோபிக்காதீர்கள். மூன்று வருடம் முன்னால் இதே மாதிரி ஒருவரைப் பார்த்து 108-ஐ அழைத்தேன். இருபது நிமிடம் பக்கத்திலேயே நின்றேன். வண்டி வந்து கதவைத் திறக்கிற நேரத்தில் அவர் எழுந்து உட்கார்ந்து, என்னை அம்மா அப்பாவையெல்லாம் இழுத்துத் திட்டிவிட்டு வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு போய்விட்டார். அந்த வண்டி அந்நேரம் ஒரு பிரசவத்துக்கோ விபத்துக்கோ போயிருக்கலாமே என்று எனக்கு இரண்டு நாள் தூக்கம் இல்லை. அதற்கப்புறம் நான் யாருக்கும் அழைக்கவில்லை. சரியா தவறா தெரியவில்லை, நடந்ததைச் சொன்னேன்.

வெள்ளை வண்டி:

ரயிலடி அண்ணா, நான் 108-ல் ஆறு வருடம் மருத்துவ உதவியாளராக இருந்தவன். நீங்கள் சொன்னது போன்ற கேஸ் எனக்கு எத்தனையோ வந்திருக்கிறது. ஒருநாளும் அழைத்தவர்மேல் கோபம் வந்ததில்லை. போய் இறங்கியதும் ஆள் எழுந்து நடந்தால் எங்களுக்கு நிம்மதிதான், அடுத்த அழைப்புக்குக் கிளம்பிவிடுவோம். இன்னொரு பக்கத்தையும் சொல்கிறேன். விடிகாலை ஒரு கேஸ், கடை வாசலில் கிடந்தவர். ராத்திரி பதினொரு மணியில் இருந்து அங்கேதான் கிடக்கிறார் என்று வாட்ச்மேன் சொன்னார், அவரைத் தாண்டித்தான் எல்லோரும் போயிருக்கிறார்கள். நான் கையைத் தூக்கிப் பார்த்தபோது விறைத்துவிட்டிருந்தது. அந்தக் கை இன்னும் என் கையில் இருக்கிற மாதிரி இருக்கும் சில நாள். நீங்கள் திட்டு வாங்கிய கேஸ் நூறு வந்தாலும் நான் போவேன் அண்ணா. தயவுசெய்து திரும்ப அழைக்க ஆரம்பியுங்கள்.

எங்களுக்குச் சிரமமான அழைப்பு எது என்றால், பஸ்ஸில் போய்க்கொண்டே ஜன்னல் வழியாகப் பார்த்து அழைப்பது. எங்கே என்றால் "ஏதோ பாலம் தாண்டி", மூச்சு இருக்கிறதா என்றால் தெரியாது, திரும்பக் கூப்பிட்டால் எடுப்பதில்லை. அப்படிக்கூட அழைக்காமல் இருப்பதைவிட அழைப்பது மேல்தான், ஆனால் முடிந்தால் இறங்கிப் பாருங்கள். கட்டுப்பாட்டு அறையில் முதலில் மாவட்டமும் ஊரும் கேட்பார்கள், அப்புறம் அடையாளம். நிறுத்தத்தின் பெயர், எதிரில் இருக்கிற கடைப் பலகை, நெடுஞ்சாலை என்றால் கிலோமீட்டர் கல்லில் இருக்கிற எண், இவை போதும். வண்டி ஓட்டுகிறவர் உங்களை அழைப்பார், அதனால் போனை வேறு யாருக்கும் பேசாமல் வைத்திருங்கள். நிற்க முடியாத அவசரம் என்றால் டீக்கடைக்காரர் நம்பரை வாங்கிக் கொடுத்துவிட்டுப் போகலாம்.

கூட்டம் சும்மா நிற்கிறது என்று எழுதியிருந்தீர்கள் தங்கச்சி. "யாராவது பாருங்களேன்" என்றால் யாரும் வரமாட்டார்கள். "நீலச் சட்டை அண்ணா, இங்கே வந்து இவருக்கு மூச்சு இருக்கிறதா பாருங்கள், நான் போன் பண்ணுகிறேன்" என்று ஒருவரைக் கைகாட்டிச் சொல்லுங்கள். அவர் கட்டாயம் வருவார். அவர் வந்ததும் இன்னும் இரண்டு பேர் வருவார்கள். பெண்ணாகத் தனியாக இருக்கும்போது உங்களுக்கும் இது பாதுகாப்பு.

காவிரிக்கரை:

என் அப்பா திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தில் கிடந்தவர். சர்க்கரைக்கு ஊசி போடுகிறவர், அன்று காலை ஊசி போட்டுக்கொண்டு சாப்பிடாமல் கிளம்பிவிட்டார். தள்ளாடினாராம், வாய் குழறியதாம், பக்கத்தில் உட்கார்ந்தவர் எழுந்து போய்விட்டாராம், அப்புறம் சரிந்துவிட்டார். என் அப்பா ஆயுளில் ஒரு சொட்டு குடித்ததில்லை. இரண்டு மணி நேரம் அத்தனை ஜனத்துக்கு நடுவில் "குடிகாரராக"க் கிடந்திருக்கிறார். யாரோ சட்டைப்பையில் இருந்த போனையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

கடைசியில் பூ விற்கிற ஒரு அம்மாதான் கிட்டே போய்ப் பார்த்திருக்கிறார். சட்டை மழையில் நனைந்த மாதிரி வேர்த்து உடம்போடு ஒட்டியிருந்ததாம், நெற்றியில் கை வைத்தால் சில்லென்று இருந்ததாம். "எங்க வீட்டுக்காரருக்கும் சர்க்கரை, எனக்குத் தெரியும்" என்று சொல்லி, பக்கத்துக் கடைக்காரர் போனில் 108-ஐ அழைக்க வைத்திருக்கிறார். வந்தவர்கள் விரலில் குத்திப் பார்த்தபோது சர்க்கரை வெறும் 31, ரொம்பக் குறைவு. நரம்பில் குளுக்கோஸ் ஏற்றிக் கொஞ்ச நேரத்தில் கண்ணைத் திறந்து "என் பை எங்கே" என்று கேட்டாராம். இப்போது அவர் பர்ஸில் ஒரு அட்டை இருக்கிறது, பெயர், சர்க்கரை நோயாளி, என் நம்பர். அந்த அம்மாவைத் தேடிப் போய்ப் பார்த்தேன், மல்லிகை தொடுத்துக்கொண்டே பேசினார், என்ன கொடுத்தாலும் வாங்கவில்லை.

ரயிலடி சார், உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் நீங்கள் அழைப்பதை நிறுத்திவிட்டேன் என்று எழுதியதைப் படித்தபோது எனக்கு அப்பா ஞாபகம்தான் வந்தது.

வழக்காடி:

போலீஸ் பயத்துக்கு மட்டும் பதில். சாலை விபத்தில் உதவுகிறவர்களைக் காக்க உச்ச நீதிமன்றம் 2016 மார்ச் 30 அன்று தீர்ப்பு கொடுத்தது, பிறகு 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ பிரிவு வந்தது. உதவியவர் பெயர், முகவரி சொல்லியே ஆக வேண்டும் என்று போலீஸோ மருத்துவமனையோ கட்டாயப்படுத்த முடியாது, சாட்சி சொல்வதும் அவர் விருப்பம்தான். விபத்து இல்லாமல் மயங்கிக் கிடப்பவர் விஷயத்தில் அந்தப் பிரிவு நேரடியாக வராது. ஆனால் 108-ஐ அழைப்பது எந்தச் சட்டத்திலும் குற்றம் இல்லை, சம்மதம் சொல்ல முடியாத நிலையில் இருப்பவருக்கு நல்லெண்ணத்தில் செய்த உதவிக்கு பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 30-ஆம் பிரிவு பாதுகாப்புக் கொடுக்கிறது. எங்கே, எப்போது பார்த்தீர்கள் என்று யாராவது கேட்டால் பார்த்ததைச் சொன்னால் போதும்.

இரவுச் சுற்று:

சாலையோரம் தங்குகிறவர்களைக் காப்பகத்துக்கு அழைத்துப் போகும் குழுவில் இருக்கிறேன். ஒரு வேண்டுகோள், நடைபாதையில் படுத்திருக்கிற எல்லோரையும் தட்டி எழுப்ப ஆரம்பித்துவிடாதீர்கள். அவர்களுக்கு அதுதான் படுக்கையறை, ராத்திரி முழுக்க யாராவது எழுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். படுத்துத் தூங்குகிறவருக்கு ஓர் ஏற்பாடு இருக்கும். தலைக்குக் கீழே பையோ மடித்த சட்டையோ இருக்கும், செருப்பைக் கழற்றி முதுகுக்குப் பின்னால் வைத்திருப்பார், கீழே ஒரு அட்டை, மேலே ஒரு துணி, நிழல் இருக்கிற பக்கம். விழுந்தவரிடம் இது எதுவும் இருக்காது. கால் பாதி ரோட்டில் நீட்டியிருக்கும், கை உடம்புக்கு அடியில் மாட்டியிருக்கும், வெயில் முகத்தில் அடித்தாலும் நகரமாட்டார். மே மாத மதியத்தில் அப்படி வெயிலில் கிடப்பவரைக் கண்டால் உடனே நிழலுக்கு இழுத்து, துணியை நனைத்து உடம்பு முழுக்கப் போட்டு விசிறிக்கொண்டே அழையுங்கள், வெப்ப வாதத்தில் (ஹீட் ஸ்ட்ரோக்) அந்த நேரம்தான் உயிர். நீங்கள் சொன்ன கவிழ்ந்த செருப்பு, கால்வாய் ஓரம், இரண்டுமே விழுந்தவரின் அடையாளம்.

மாடித்தோட்டம்:

எல்லோருக்கும் நன்றி. படிக்கப் படிக்க அழுகை வந்தது, முக்கியமாகக் காவிரிக்கரை எழுதியது.

இன்று காலை பதினைந்து நிமிடம் முன்னாலேயே போய் டீக்கடையில் கேட்டேன். அன்று ஆறரை மணிக்குத் தெருக் கூட்ட வந்த அக்கா பார்த்து, உட்கார்ந்து, கன்னத்தைத் தட்டி, கடைக்காரரைச் சத்தம் போட்டு அழைத்து 108 வரவழைத்தாராம். ஏற்றும்போது மூச்சு இருந்ததாம், கண்ணைத் திறக்கவில்லையாம். எந்த ஆஸ்பத்திரி என்று யாருக்கும் தெரியவில்லை. நான் பஸ் ஏறியதற்கும் அதற்கும் நடுவில் ஐம்பது நிமிடம் போயிருக்கிறது. அவர் எப்படி இருக்கிறார் என்று தெரிந்துகொள்ள வழி இருக்கிறதா?

தஞ்சை செவிலி:

இருக்கிறது தங்கச்சி. அந்தப் பக்கம் என்றால் முதலில் குரோம்பேட்டை அரசு மருத்துவமனையில் கேளுங்கள், இல்லையென்றால் செங்கல்பட்டு, ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை. பெயர் தெரியாமல் கொண்டு வந்தவரை "அடையாளம் தெரியாத ஆண்" என்று வயதை உத்தேசமாகப் போட்டுப் பதிவு செய்திருப்பார்கள். அவசரப் பிரிவிலோ, அங்கே இருக்கிற புறக்காவல் நிலையத்திலோ தேதி, நேரம், எந்த நிறுத்தம் என்று சொல்லுங்கள், அவர் பெல்ட் போட்டிருந்ததையும் சொல்லுங்கள். ஒருவேளை இன்னும் வீட்டு ஆட்கள் தேடிக்கொண்டிருக்கலாம், நீங்கள் சொல்கிற இடம்தான் அவர்களுக்குக் கிடைக்கிற முதல் துப்பாக இருக்கும்.

மாடித்தோட்டம்:

ஷிப்டு இரண்டு மணிக்கு முடிகிறது அக்கா. நேராகக் குரோம்பேட்டை போகிறேன். தெருக் கூட்டும் அக்காவும் கூட வருகிறேன் என்றார்.