உதவி: விமானம் கட்டிய கயிறு தளர்ந்துபோகிறது

ஈசூன்_புதுசு: அவசரம். சிங்கப்பூர் சிலேத்தார் விமான நிலையத்தில் வெளியே நிற்கும் எங்கள் விமானத்தை இரண்டு இறக்கையிலும் வாலிலும் கட்டியிருக்கிறோம். மாலையில் விண்ணென்று கட்டினால் காலையில் தொளதொள. நேற்று விடியற்காலை சுமத்ரா காற்றில் (சுமத்ரா பக்கமிருந்து திடீரென்று வரும் சூறைக்காற்று) ஒரு பக்கமாகத் திரும்பி நின்றது. இன்னும் இறுக்கட்டுமா?

பெடோக்_அண்ணன்: என்ன விமானம்? என்ன கயிறு? சக்கரத்துக்குக் கட்டை வைத்தீர்களா?

தேக்கா_ராஜா: நைலானாக இருக்கும், இழுபட்டிருக்கும். சங்கிலி போடுங்க.

வானோடி60: முதல் வாரப் பாடம் இது. விண்ணென்று கட்டுவதே தப்பு. ஓர் அங்குலம் தொய்வு விடணும். மணிலா நார்க் கயிறென்றால் நனைந்ததும் சுருங்கி இறக்கையைக் கீழே இழுக்கும். படித்துவிட்டுக் கேட்கலாமே.

ஈசூன்_புதுசு: செஸ்னா 172, சின்ன விமானம். நைலான்தான். கட்டை இருக்கு.

தேக்கா_ராஜா: இங்கே என்ன புயலா வருது, இவ்வளவு பயம்?

உபின்_படகு: 2001 டிசம்பர் 27 ஞாபகம் இல்லையா? வமேய் புயல் பக்கத்து ஜோகூரில்தான் கரையேறியது.

வானோடி60: அது வேறு, சுமத்ரா காற்று வேறு. 2024 செப்டம்பர் 17 அன்று இங்கே தெங்காவில் காற்று மணிக்கு 83.2 கிலோமீட்டர். அதே தெங்காவில் 1984 ஏப்ரல் 25 அன்று 144.4.

தேக்கா_ராஜா: 1984ல் நான் பிறக்கவே இல்லை லா.

பெடோக்_அண்ணன்: சண்டையை விடுங்கப்பா. 83 என்றால் 45 நாட் (மணிக்கு 45 கடல் மைல்). 172 ஏறக்குறைய 50 நாட் வேகத்திலேயே காற்றில் நிற்கும் வண்டி, ஆளில்லாமல் இன்னும் லேசு. தம்பி, கயிறு எதில் கட்டியிருக்கு? இறக்கைக்கு அடியில் உள்ள வளையத்திலா, சாய்ந்து இறங்கும் தாங்குகம்பியிலா?

ஈசூன்_புதுசு: கம்பியில்தான், உச்சியில். வளையம் துருவாக இருந்தது.

பெடோக்_அண்ணன்: காலையில் முடிச்சு எங்கே இருந்தது?

ஈசூன்_புதுசு: ஒரு சாண் கீழே...

பெடோக்_அண்ணன்: அவ்வளவுதான். கயிறு தளரவில்லை, முடிச்சு வழுக்கி இறங்கியிருக்கு. கம்பியில் கட்டினால் கம்பியே வளையும். மெக்கானிக்கிடம் சொல்லி வளையத்தை மாற்று, அதில் கட்டு. கம்பியையும் ஒரு தடவை பார்க்கச் சொல்.

தேக்கா_ராஜா: வளையத்தில் சங்கிலி.

உபின்_படகு: சங்கிலி கயிறு மாதிரி இழுபட்டுக் கொடுக்காது. ஒவ்வொரு வெட்டையும் வளையம் நேராக வாங்கும். படகில் பார்த்திருக்கேன்.

தேக்கா_ராஜா: படகும் விமானமும் ஒண்ணா?

(நாலு நாள் கழித்து)

ஈசூன்_புதுசு: வளையம் மாற்றியாச்சு. இன்று விடியலில் நல்ல அடி, வண்டி அசையவில்லை. ஆனால் வால் சுக்கான் டக் டக் என்று அடித்துக்கொண்டே இருந்ததாம். ஸ்டியரிங் பூட்டு போட்டிருந்தேனே?

வானோடி60: அது சுக்கானைப் பிடிக்காது. வாலுக்கு வெளியே தனிப் பூட்டு உண்டு. முதல் வாரப் பாடம்.