டக்கார் போயிட்டு வந்தவங்க யாராவது இருக்கீங்களா?

வணக்கம் மக்களே. ஜனவரியில நானும் வீட்டுக்காரரும் செனகல் போறோம், அதோட தலைநகர் டக்கார்லதான் தங்கப்போறோம். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டாச்சு. (அந்த நோய் இருக்கிற ஆப்பிரிக்க நாடுகளுக்குப் போறவங்க தடுப்பூசி அட்டையை மறந்துடாதீங்க. இல்லாம திரும்பினா நம்ம ஏர்போர்ட்லயே தனிமைப்படுத்திடுவாங்க.)

கோரே தீவு கண்டிப்பா உண்டு. துறைமுகத்துல இருந்து படகுல இருபது நிமிஷம்தான். அந்தக் காலத்துல அடிமைகளை அடைச்சு வைச்சதா சொல்ற 'அடிமைகள் மாளிகை'யில, கடலைப் பார்த்துத் திறக்கிற அந்தச் சின்ன வாசல் முன்னாடி அவசரமில்லாம நிக்கணும். காலை முதல் படகுல போனா கூட்டம் குறைவா இருக்குமா?

பெரிய சந்தேகம் லாக் ரோஸ் ஏரிதான். ரோஸ் நிறத்துக்காகவே பேர் வாங்கின உப்பு ஏரி, 2022-ல வெள்ளத் தண்ணி புகுந்து நிறமே மாறிப்போச்சு. இப்போ எப்படி இருக்கு? பழைய போட்டோவை நம்பி டாக்ஸிக்குக் காசு கொடுக்க மனசில்லை. சமீபத்துல பார்த்தவங்க மட்டும் சொல்லுங்க, ப்ளீஸ்.

அடுத்தது சாப்பாடு. அங்க வீட்டுக்கு வீடு தியெபூ ஜென். மீன் வெந்த தக்காளிக் குழம்புலயே நொய்யரிசியை வேகவைச்சு, மேல கேரட், முட்டைக்கோஸ், மரவள்ளிக் கிழங்கு வைச்சுத் தருவாங்களாம். எனக்குக் கொண்டாட்டம். இவரோ சுத்த சைவம்! நிலக்கடலை அரைச்சு ஊத்துற மாஃபே குழம்பு கறி போடாம எங்கயாவது கிடைக்குமா?

பழைய நகரம் ஒரு தீவுல இருக்கிற சென் லூயி ஊர், டக்கார்ல இருந்து 260 கிலோமீட்டர் தள்ளி இருக்கு. ஒரே நாள்ல போய்த் திரும்பினா அலைச்சல்தான்னு தோணுது. ராத்திரி தங்கினவங்க இருந்தா, தீவுப் பக்கம் தங்கினீங்களா, வெளியிலயா?

எங்க பிரெஞ்சு 'போன்ஜூர்' தாண்டாது. அதை வைச்சு டவுன் பஸ் மாதிரி ஓடுற அந்தக் கலர் கலர் 'கார் ராபிட்' வேன்ல ஏறி, சரியான இடத்துல இறங்க முடியுமா?