சந்திர கிரகணம் ஃபிலிமில் விழவே இல்லை, கேமரா போச்சா? அவசரம்

வளர்பிறை:
வணக்கம். செப்டம்பர் 7 முழு கிரகணத்தை ஃபிலிமில் எடுத்தேன், கழுவி இன்னைக்குத்தான் வந்தது. பாதி மறைஞ்சப்போ எடுத்ததெல்லாம் வெறும் வெள்ளைப் பொட்டு. நிலா முழுசா சிவந்த பிறகு எடுத்த பதினொரு ஃப்ரேமும் காலி. ஷட்டர் சத்தம் ஒவ்வொரு தடவையும் கேட்டுச்சு. கேமராவை ரிப்பேருக்குக் கொடுக்கணுமா? 2026 மார்ச் 3 கிரகணத்துக்குள்ள சரி பண்ணியாகணும்.

இரவுக்கண்:
எந்த ஃபிலிம்? என்ன லென்ஸ், எந்த அபர்ச்சர் (லென்ஸ் திறப்பு), எத்தனை நொடி? "காலி"ன்னா நெகட்டிவ் கண்ணாடி மாதிரி இருக்கா, கறுப்பா இருக்கா?

தகரடப்பா:
லேப் வேலைதான் இது. ஃபிலிம் கழுவுற டெவலப்பர் மருந்து செத்துப்போயிருக்கும். எனக்கும் ஒருமுறை முழு ரோலும் போச்சு.

சுருள்பெட்டி:
லேபைக் குற்றம் சொல்லுமுன் நெகட்டிவின் ஓர எண்களைப் பாருங்கள். அவை தொழிற்சாலையிலேயே ஒளி பட்டு வருபவை. கறுப்பாகத் தெளிவாக இருந்தால் கழுவியதில் குறையில்லை. ஒவ்வொரு கிரகணத்துக்குப் பிறகும் இதே கேள்வி வருகிறது. முழுநிலவுக்கும் முழு கிரகணத்துக்கும் வெளிச்சத்தில் பல ஆயிரம் மடங்கு வித்தியாசம். அதைப் படிக்காமல் ஃபிலிம் போடவே கூடாது.

வளர்பிறை:
மன்னிக்கணும், அவசரத்துல விட்டுட்டேன். கோடாக் ட்ரை-எக்ஸ் 400 கறுப்பு வெள்ளை ஃபிலிம், 200 எம்எம் லென்ஸ், அபர்ச்சர் எல்லாத்துக்கும் எஃப் 8. பாதி கிரகணத்துக்கு ஒளி அளக்கிற மீட்டர் காட்டின 1/30 நொடி. முழு கிரகணத்துல மீட்டர் முள் அசையவே இல்ல, அதனால டயல்ல கடைசியா இருக்கிற 1 நொடி. நெகட்டிவ் கண்ணாடி மாதிரிதான் இருக்கு. ஓர எண்கள் பளிச்சுனு தெரியுது.

இரவுக்கண்:
அப்போ கேமரா நல்லாத்தான் இருக்கு. மீட்டர் பார்த்தது நிலாவை இல்ல, சுத்தி இருக்கிற கறுப்பு வானத்தை. முழுநிலவுக்கு எஃப் 11-ல 1/400, எஃப் 8-ன்னா 1/800 போதும். பாதி கிரகணத்துல ஒளி படுற பக்கத்துக்கு அதைவிடக் கொஞ்சம் கூட்டணும், அவ்வளவுதான். 1/30-ல அது எரிஞ்சுதான் போகும்.

முழு கிரகணத்துல சிக்கலே வேற. வெளிச்சமான கிரகணமே எஃப் 8-ல சில நொடி கேட்கும். இருண்டதுன்னா நிமிஷக்கணக்கு. அதுக்கு மேல ட்ரை-எக்ஸ் நீண்ட நேரத்துல சோர்ந்துபோற ஃபிலிம். கணக்குப்படி 1 நொடின்னா 2 நொடி கொடுக்கணும், 10 நொடின்னா 50 நொடின்னு கோடாக் அட்டவணையே சொல்லுது. அந்த 50 நொடியில நிலா தன் விட்டத்துல ஐந்தில் இரண்டு பங்கு நகர்ந்துடும், படம் இழுபடும். அதனால நேரத்தைக் கூட்டுறதுக்கு முன்னாடி லென்ஸை முழுசாத் திறங்க. எஃப் எண் குறைஞ்சா திறப்பு பெருசு, எஃப் 4-ன்னா கால் பங்கு நேரம் போதும். எச்பி5-ங்கிற கறுப்பு வெள்ளை ஃபிலிம்னா 10 நொடிக்கு 20 நொடிதான்.

தகரடப்பா:
ரெண்டு ஸ்டாப் புஷ் பண்ணி, அதாவது டெவலப்பர்ல கூட நேரம் வச்சுக் கழுவியிருந்தா வந்திருக்குமே?

மஞ்சள்ஃபில்டர்:
வராது. ஒளி பதியாத இடத்தில் டெவலப்பர் எதைக் கறுப்பாக்கும்? கான்ட்ராஸ்ட்தான் ஏறும். எனக்குப் புரியாதது வேறு. செம்பு நிற நிலாவுக்கு எதற்குக் கறுப்பு வெள்ளை? பிராவியா 100எஃப் கலர் ஸ்லைடு ஃபிலிம் 128 நொடி வரை நேரத்தில் திருத்தமே கேட்காது, நிறமும் கிடைக்கும்.

சுருள்பெட்டி:
ஃபிலிமில் விழும் சிவப்பு கண் பார்த்த சிவப்பு அல்ல. கூடுதல் நேரம் கொடுத்தால் ஆரஞ்சு, குறைத்தால் பழுப்பு. கிரகண நிலா எவ்வளவு இருண்டது என்று சொல்லும் டான்ஜானின் 0 முதல் 4 வரையிலான அளவு கண்ணால் பார்த்துச் சொல்வதற்கு. ஸ்லைடைக் காட்டி மதிப்பிடுபவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

மஞ்சள்ஃபில்டர்:
நான் மதிப்பிடவில்லை, அழகைச் சொன்னேன். 1992 டிசம்பர் கிரகணத்தில் பினாட்டுபோ எரிமலைத் தூசியால் நிலா கிட்டத்தட்ட மறைந்தேபோனது. அப்படி ஒன்றுக்குக் கறுப்பு வெள்ளை சரி. மற்றதற்கு நிறம் வேண்டும்.

சுருள்பெட்டி:
நிலாவில் விழும் பூமியின் கருநிழலின் விளிம்பு எவ்வளவு மென்மையாகத் தேய்கிறது என்பதைச் சாம்பல் நிறங்கள்தான் காட்டும். நிறம் அதை மூடிவிடும்.

இரவுக்கண்:
அந்த வாதத்துக்குத் தனி இழை போடலாம். வளர்பிறை, ஒன்னு பண்ணுங்க. காலின்னு சொன்ன ஃப்ரேமைக் கறுப்புத் துணி மேல வச்சு, பக்கவாட்டுல இருந்து விளக்கடிச்சு, பளபளப்பில்லாத பக்கத்தைச் சாய்ச்சுப் பாருங்க. மெல்லிசா வெள்ளி படிஞ்சிருந்தா பாசிட்டிவாத் தெரியும். 200 எம்எம்-ல நிலா 2 மில்லிமீட்டர்கூட இருக்காது, நிதானமாத் தேடுங்க. அடுத்த ரோல்ல முதல் ஃப்ரேம் பகல் வெளிச்சத்துல ஏதாவது எடுத்துடுங்க. இல்லன்னா லேப்ல எங்கே வெட்டுறதுன்னு தெரியாம நிலாவுக்கு நடுவுல வெட்டிடுவாங்க.

வளர்பிறை:
பார்த்தேன். 22, 23 ரெண்டுலயும் இருக்கு. கடுகளவு, சாம்பல் பூத்த மாதிரி, ஒரு ஓரம் மட்டும் கொஞ்சம் தூக்கலா. கேமராவை ரிப்பேருக்குக் கொடுக்கல. எச்பி5 வாங்கிட்டேன். நன்றி.