பெரியப்பா 70 (அவரைச் சேர்க்காதீங்க)

கார்த்தி: அப்பாவுக்கு கிஃப்ட் இன்னிக்கே ஆர்டர் போட்டாத்தான் ஞாயித்துக்கிழமைக்குள்ள வரும். மோதிரம் வேண்டவே வேண்டாம்னுட்டார். இங்கிலாந்து ராக் குழு தி ஹூவோட கச்சேரி ஆல்பம் லைவ் அட் லீட்ஸ் வாங்கலாம்னு இருக்கேன். ரீஇஷ்யூலயே, அதாவது மறுபடி போட்ட பதிப்புலயே, நாலஞ்சு விதம் இருக்கு. முரளி சித்தப்பா, எது நல்லது?

பிரியா: சூப்பர் ஐடியா

ரேவதி அத்தை: அந்தப் பேரையே எடுக்காதே

திவ்யா: ஏன் அத்தை

செல்வம் மாமா: கீறல் கேஸ் 😀

ரேவதி அத்தை: நீங்க சும்மா இருங்க

பெரியம்மா: கார்த்தி இலைக்குச் சொல்லியாச்சா

முரளி சித்தப்பா: கார்த்தி, கவனமா வாங்கணும். 1970 பிப்ரவரி 14, லீட்ஸ் யுனிவர்சிட்டில பசங்க சாப்பிடற மெஸ் ஹால்ல நடந்த கச்சேரி அது. அதுக்கு முந்தி அமெரிக்க டூர்ல ஏகப்பட்ட கச்சேரிய ரெக்கார்ட் பண்ணி வெச்சிருந்தாங்க. அத்தனையும் யார் உக்காந்து கேக்கறதுன்னு அவங்க கிட்டார்காரர் பீட் டவுன்ஷெண்ட் டேப்பை எல்லாம் கொளுத்தச் சொல்லிட்டார். அப்புறம் ரெக்கார்ட் பண்றதுக்குன்னே லீட்ஸ்லயும் மறுநாள் ஹல்ங்கற ஊர்லயும் வாசிச்சாங்க. அவ்வளவு நேரம் வாசிச்சதுல எல்பி இசைத்தட்டுல வந்தது ஆறே பாட்டு. அதுல மூணு அடுத்தவங்களோடது. 1995ல சிடி போட்டப்ப 14 பாட்டு ஆச்சு. 2001ல டாமிங்கற அவங்க ராக் ஓபராவையும் சேர்த்து முழுக் கச்சேரி, ரெண்டு சிடி. 2010ல ஹல் கச்சேரியும் சேர்ந்து பெரிய பெட்டி.

திவ்யா: அப்ப 2010

பிரியா: ஆமா பெருசாவே வாங்குவோம். 70 வயசு ஒரு தடவைதானே

கார்த்தி: அது இப்ப கடைல இல்ல. பழசு விக்கறவங்க சொல்ற விலை தலை சுத்துது

செல்வம் மாமா: அந்தக் காசுல நல்ல நாதஸ்வரம் வெக்கலாம். நான் முதல்லேர்ந்து சொல்றேன்

பெரியம்மா: அவருக்கு வேண்டாமாம்

செல்வம் மாமா: எங்க கல்யாணத்துலயும் அவர்தான் வேண்டாம்னார்

முரளி சித்தப்பா: 2010ல ஹல் இருக்குங்கறதுதான் விசேஷம். ஆனா அங்க முதல் சில பாட்டுக்கு ஜான் என்ட்விசிலோட பேஸ் கிட்டார் டேப்புல பதிவாகவே இல்ல. முந்தின நாள் லீட்ஸ்ல வாசிச்ச பேஸை எடுத்து ஒட்டினாங்க. பொருந்தித்தான் இருக்கு. இருந்தாலும் எனக்கு லீட்ஸ்தான். 2001ல ஒரே குறை, டாமியை ரெண்டாவது சிடிக்குத் தள்ளிட்டாங்க. மேடையில அது நடுவுல வந்தது. அந்த ஏத்தத்துக்கு அப்புறம் மை ஜெனரேஷன் பாட்டைக் கேட்டாத்தான் அவங்க எவ்வளவு களைச்சுப் போய், எவ்வளவு வெறியோட வாசிக்கறாங்கன்னு புரியும். 14 நிமிஷத்துக்கு மேல போற பாட்டு. நடுவுல டவுன்ஷெண்ட் ஒரு அடி அடிச்சுட்டு நிறுத்துவார். அது சுவத்துல மோதி திரும்பி வரும். அதுக்கு பதில் சொல்ற மாதிரி அடுத்த அடி. அந்த இடம் எந்தப் பதிப்புலயும் கெடல. சத்தத்துல 1995, 2001 ரெண்டும் ரொம்ப சுத்தம். எல்பில வர்ற படபட சத்தத்தையும் கம்ப்யூட்டர்ல எடுத்துட்டாங்க.

ரேவதி அத்தை: எந்த படபட?

முரளி சித்தப்பா: ஆங்காங்கே வருமே அக்கா. ரெக்கார்ட் பண்ணின டேப்புலயே இருந்த கோளாறு. எல்லா எல்பிலயும் இருக்கும்.

ரேவதி அத்தை: டேய் என்ன சொல்றே

ரேவதி அத்தை: எல்லா எல்பிலயுமா???

முரளி சித்தப்பா: லேபிள்லயே கையால எழுதியிருக்கும். படபட சத்தம் பரவாயில்ல, திருத்தாதீங்கன்னு. ரெக்கார்டு வெட்டற ஆளுங்களுக்குச் சொன்னது. வாங்கினவன் கெட்டுப்போச்சுன்னு நினைக்கக் கூடாதில்ல.

ரேவதி அத்தை: கேக்காம போட்டுக் கீறிட்டேன்னு அண்ணன் சொல்லி அப்பா என்னை முட்டி போட வெச்சார். எனக்குப் பத்து வயசு

திவ்யா: ஐயோ அத்தை

ரேவதி அத்தை: இன்னும் என்னைக் கீறல்னுதான் கூப்பிடறார். என் மாப்பிள்ளை முன்னாடி கூட

கார்த்தி: இருங்க, எல்பி பரண்ல இருக்கு

பெரியம்மா: இலை என்னாச்சு

கார்த்தி: 📷 படம்

கார்த்தி: இருக்கு அத்தை. சித்தப்பா சொன்ன மாதிரியே எழுதியிருக்கு

பிரியா: வாவ்

செல்வம் மாமா: மேஜிக் பஸ் பாட்டுல ஊசி தாவுமே, அது?

முரளி சித்தப்பா: தாவறது வேற, இது வேற மாமா. கீறல்னா தட்டு ஒவ்வொரு சுத்து வர்றப்பவும் ஒரு டக். 33 எல்பில ரெண்டு செகண்டுக்குக் கொஞ்சம் கம்மியா, தாளம் தப்பாம வரும். இது கணக்கில்லாம வரும். தாவறது மட்டும் நம்ம வீட்டு எல்பில விழுந்த கீறல்தான், அது யார் போட்டதுன்னு தெரியாது.

ரேவதி அத்தை: எல்பி மூர் மார்க்கெட்டுல பழசா வாங்கினது. முன்னாடி எவன் வெச்சிருந்தானோ. நான் இல்ல

ரேவதி அத்தை: அண்ணிக்கு ஒரே ஒரு கேள்வி. லேபிள்ல எழுதினது அண்ணனுக்குத் தெரியுமா தெரியாதா

பெரியம்மா: எனக்கென்னம்மா தெரியும். அவர் அட்டைல இருக்கற ஒவ்வொரு எழுத்தும் படிப்பார்

திவ்யா: 😳

பிரியா: பெரியம்மா...

ரேவதி அத்தை: சரி. ஞாயித்துக்கிழமை சபையிலேயே கேக்கறேன்

பெரியம்மா: அன்னிக்கு வேண்டாம் ரேவதி. உன் கால்ல விழறேன். மறுநாள் வா

முரளி சித்தப்பா: கார்த்தி, 2001 போடு. ஆனா எல்பியைத் தூக்கிப் போட்டுடாதே. அந்த ஆறு பாட்டைப் பொறுக்கின கைக்கு ஒரு தீர்மானம் இருக்கு. ஒரு நொடி கூட ஓய்வில்ல. முழுக் கச்சேரில பேச்சும் சிரிப்பும் மூச்சும் இருக்கு, அது வேற சந்தோஷம். அண்ணனுக்கு ரெண்டும் வேணும்.

ரேவதி அத்தை: படபட இல்லாததையே குடுங்க. நான் என் கையால குடுக்கறேன். என் பங்கு எவ்வளவு

செல்வம் மாமா: என்னுதும் சேர்த்துக்கோ. நாதஸ்வரம்?

கார்த்தி: 2001ஐ ஷாப்பிங் கார்ட்ல போட்டிருக்கேன், இன்னும் காசு கட்டல. வேற யாராவது 2010தான்னா ராத்திரி எட்டுக்குள்ள சொல்லுங்க

பிரியா: நான் 2010

பெரியம்மா: இலை 200 சொல்லு