பிக்கப்பில் சூப்பர்சார்ஜர் போட்டவர்கள் எழுதுங்கள் (தாப்பா, பீடோர் பக்கம்)

அரேனாக்காரன், தாப்பா

வண்டி புரோட்டோன் அரேனா. வீரா காரில் வரும் அதே 4ஜி15 எஞ்சின், 1.5 லிட்டர். ஹாஃப் கட் கடையில் (வெட்டி எடுத்த பழைய வண்டிப் பாகங்கள் விற்கும் கடை) எடுத்த ஏ.எம்.ஆர்.500 சூப்பர்சார்ஜரை, அதாவது எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் கருவியை, போட்டு ஓராண்டுக்கு மேல் ஆகிறது. போட்ட கதை இங்கே எல்லோருக்கும் தெரிந்ததுதான்: தாங்கி வெட்டி, இன்டேக் குழாயைப் பற்றவைத்து, ஆறு வரி பெல்ட்டும் டென்ஷனரும் மாட்டினோம். 65 மில்லிமீட்டர் புல்லியில் வண்டி சொன்னபடி கேட்டது. முன்பெல்லாம் உர மூட்டையோடு கேமரன் மலையின் ரிங்லெட்டுக்குப் போகும்போது இரண்டாவது கியரை விட்டு மேலே வர முடியாது. இப்போது மூன்றாவதிலேயே ஏறிவிடுகிறது.

பிறகு இன்னும் வேகமாகச் சுற்றட்டும் என்று சிறிய 55 மில்லிமீட்டர் புல்லிக்கு மாற்றினோம். நான் எழுத வந்தது அதற்காகத்தான்.

சோதனை ஓட்டத்துக்குப் பட்டறை அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தார். அறுபதைத் தாண்டியவர், தோட்டத்து டிராக்டர் கொட்டகையில் தொழில் பழகியவர். லாத்தா இஸ்கண்டாரைத் தாண்டிய ஏற்றத்தில் முழுதாக மிதித்தேன். பூஸ்ட் (உள்ளே தள்ளப்படும் காற்றின் அழுத்தம்) காட்டும் முள் எழும்பியது. எனக்குக் கேட்டதெல்லாம் சூப்பர்சார்ஜரின் ஊளை மட்டும். அண்ணன் பேசிக்கொண்டிருந்ததைப் பாதியில் நிறுத்தினார். உள்ளங்கையை டாஷ்போர்டின் மேல் அழுத்தி வைத்தார். "காலை எடு" என்றார். எடுத்தேன். "இனி மிதிக்காதே. மெதுவாகத் திருப்பு." காரணம் சொல்லவில்லை. தாப்பா வந்து சேரும்வரை வாயே திறக்கவில்லை.

பட்டறையில் பிளக்குகளைக் கழற்றி, பூதக்கண்ணாடி வைத்துக் காட்டினார். மூன்றாவது சிலிண்டர் பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் தூவியதுபோல் கரும்புள்ளிகள். நடுவே பளபளக்கும் அலுமினியத் துகள்கள். பிஸ்டனின் தலை உரிந்து அங்கே வந்து ஒட்டியிருக்கிறது!

பிஸ்டன் தப்பித்தது. ஆனால் எனக்கு மனம் ஆறவில்லை. அவர் கேட்டது என்ன? பக்கத்தில் இருந்த என் காதில் அது ஏன் விழவில்லை? நானும் நாள் முழுவதும் எஞ்சின் சத்தத்தில் கிடப்பவன்தான்.

பீடோர் டட்சன்

தம்பி, அதுதான் நாக்: சிலிண்டருக்குள் பெட்ரோல் கலவை நேரம் தவறித் தானாக வெடிப்பது. 55 என்று படித்தவுடனே எனக்குத் தெரிந்துவிட்டது. உங்கள் எஞ்சின் 1,468 சி.சி. நான்கு ஸ்ட்ரோக் என்பதால் கிராங்க் ஒரு சுற்று சுற்றும்போது பாதிக்குத்தான், அதாவது 734 சி.சி. காற்றுக்குத்தான் இடம். ஏ.எம்.ஆர்.500 தன் ஒரு சுற்றுக்கு 500 சி.சி. தள்ளும். கிராங்க் புல்லி 130 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் 65-இல் அது இரண்டு மடங்கு வேகத்தில் சுற்றும், 1,000 சி.சி. வரும். 55-இல் 2.36 மடங்கு, 1,180-ஐத் தாண்டும். 5,500 ஆர்.பி.எம்.மில் சூப்பர்சார்ஜர் 13,000 சுற்றும். உங்களுடையது ரூட்ஸ் வகை, அது காற்றை உள்ளே அமுக்குவதில்லை, சும்மா அள்ளித் தள்ளும். அமுங்குவதெல்லாம் இன்டேக் குழாயில்தான். அதில் பிறக்கும் சூடு கொஞ்சமா? நம் ஊர் மதியக் காற்று 33 பாகை. அதை ஒன்றரை மடங்கு அழுத்தத்துக்குக் கொண்டுபோனால், சூப்பர்சார்ஜரின் திறன் பாதிக்குச் சற்று மேல் என்று வைத்தாலும், வெளியே வருவது 100 பாகையைத் தொடும். அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இண்டர்கூலர் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவே இல்லையே?

என் அனுபவம் வேறு. பழைய டட்சன் 620, கார்புரேட்டர் வண்டி. டொயோட்டா 4ஏ-ஜி.இசட்.இ. எஞ்சினிலிருந்து கழற்றிய எஸ்.சி.12 போட்டேன், காந்தக் கிளட்ச் உள்ளது. டொயோட்டாவில் அந்தக் கிளட்சை எப்போது பிடிக்க வேண்டும் என்று கணினி பார்த்துக்கொள்ளும். என் வண்டியில் ஒரு சுவிட்ச் மட்டும். சுங்கை பக்கம் பழைய பெருஞ்சாலையில், எஞ்சின் நல்ல வேகத்தில் இருக்கும்போது தட்டினேன். 'டக்' என்று கிளட்ச் பிடித்தது. அடுத்த நொடி ரப்பர் தீய்ந்த வாடை. பானட்டுக்குள் யாரோ சாட்டையால் அடிப்பது காதில் விழுந்தது. பெல்ட் அறுந்து ராடியேட்டர் மேல்குழாயைக் கிழித்துவிட்டது. தண்ணீர்ப் பம்பும் அதே பெல்ட்டில்தான் ஓடியது. ஓரம் கட்டுவதற்குள் சூட்டு முள் சிவப்பில் நின்றது. சூப்பர்சார்ஜருக்குத் தனி பெல்ட் வேண்டும். இதில் யார் என்ன சொன்னாலும் நான் கேட்க மாட்டேன்.

கோப்பெங் 4x4

இவ்வளவு பாடு எதற்கு? அரேனாவை விற்றுவிட்டு ஒரு டீசல் ஹைலக்ஸ் வாங்குங்கள். டர்போவோடு தொழிற்சாலையிலேயே வருகிறது.

அரேனாக்காரன், தாப்பா

2024 ஜூனில் தீபகற்பத்தில் டீசல் 2 ரிங்கிட் 15 காசிலிருந்து 3 ரிங்கிட் 35 காசுக்கு ஏறியதை மறந்துவிட்டீர்களா? தவணையையும் சேர்த்துப் பாருங்கள். இண்டர்கூலர் இல்லை, டட்சன் அண்ணா. 65-இல் தேவைப்படவில்லை.

ஆலை எஞ்சின் டிரைவர் (ஓய்வு)

டட்சன் தம்பி 'சும்மா அள்ளித் தள்ளும்' என்று எழுதியிருப்பது எனக்கு உறுத்துகிறது. அந்த அள்ளித் தள்ளுதல் இல்லாவிட்டால் நாங்கள் இருந்த செம்பனை எண்ணெய் ஆலையில் விளக்கே எரிந்திருக்காது. எங்கள் மாற்று ஜெனரேட்டர் ஜி.எம். டெட்ராய்ட் 6-71. இரண்டு ஸ்ட்ரோக் டீசல். அதற்குக் காற்றை உறிஞ்சும் ஸ்ட்ரோக்கே கிடையாது. பக்கத்தில் இருக்கும் ரூட்ஸ் புளோவர் ஊதினால்தான் மூச்சு. 1938-இல் வந்த எஞ்சின் குடும்பம். 71 என்பது ஒரு சிலிண்டரின் கன அங்குலம், 6 என்பது சிலிண்டர் எண்ணிக்கை. அமெரிக்காவில் பந்தயக்காரர்கள் இந்த லோரி எஞ்சின்களின் புளோவரைக் கழற்றித்தான் தங்கள் கார்களின் மேல் மாட்டினார்கள். இன்றும் அதை 6-71 என்றே சொல்கிறார்கள். நீங்கள் எல்லோரும் போடுகிற பொருளின் பாட்டன் அது. மரியாதையாகப் பேசுங்கள்.

ஒரு நாள் சாயங்காலம், பழக்குலை குவிந்திருந்த பருவம். நீராவி டர்பைன் நின்றுவிட்டதால் 6-71-ஐ ஓட்டினோம். கொஞ்ச நேரத்தில் வேகம் தானாக ஏறத் தொடங்கியது. எரிபொருளை முழுதாக அடைத்தேன். இன்னும் ஏறியது! புளோவர் தண்டின் சீல் தேய்ந்து எஞ்சின் எண்ணெய் காற்றுப்பெட்டிக்குள் ஒழுகியிருக்கிறது. எஞ்சின் அதைக் குடித்துக்கொண்டு ஓடுகிறது. டீசலை அடைத்து என்ன பயன்? மேசை மேலிருந்த பதிவேடு நடுங்கி நடுங்கித் தரையில் விழுந்தது. உடன் இருந்த பையன் கதவைத் தாண்டி ஓடிவிட்டான். புளோவர் வாயில் இருக்கும் அவசரக் காற்றடைப்புத் தகட்டின் கம்பியை இழுத்தேன். தகடு விழுந்தது, காற்று நின்றது, எஞ்சின் நின்றது. அந்தக் கம்பிக்கு எண்ணெய் விட்டு வைத்தவர் எனக்கு முன்பிருந்த எஞ்சின் டிரைவர். அவரை இன்றைக்கும் கும்பிடுகிறேன்.

அதனால் ஹாஃப் கட்டில் வாங்குகிறவர்கள் முதலில் சூப்பர்சார்ஜரின் வாய்க்குள் விரல் விட்டுப் பாருங்கள். எண்ணெய்ப் பசை இருந்தால் சீல் போய்விட்டது. கையால் சுற்றும்போது எங்கேயாவது உரசினால் கீழே வைத்துவிடுங்கள். பல்சக்கர எண்ணெயை முகர்ந்து பாருங்கள், தீய்ந்த வாடை இருக்கக்கூடாது.

துரோலாக் கிராணி

எனக்குத் தெரிந்த ஒருவரின் பிக்கப் மோதிவிட்டது. காப்புறுதி மதிப்பீட்டாளர் பானட்டைத் திறந்தார். சேதத்தைப் படம் எடுப்பதற்கு முன்னால் சூப்பர்சார்ஜரைத்தான் நான்கு பக்கமும் படம் எடுத்தார். இழப்பீடு வரவில்லை.

ஆகவே யாரும் கேட்காவிட்டாலும் சொல்கிறேன். எஞ்சினில் இப்படிப்பட்ட மாற்றத்துக்கு ஜே.பி.ஜே. (சாலைப் போக்குவரத்துத் துறை) ஒப்புதல் வேண்டும், 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டம் இதை வண்டி உரிமையாளரிடம் கேட்கும். காப்புறுதி நிறுவனத்திடம் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். அடுத்து, ரோன் 95 பெட்ரோல் ஊற்றிக்கொண்டு பூஸ்ட் ஏற்றாதீர்கள், நாக் வராமல் அதிகம் தாங்கும் 97 ஊற்றுங்கள். பிளக்கை ஒரு படி குளிர்ந்த வகைக்கு மாற்றுங்கள். பூஸ்ட் வரும் இடத்தில் இக்னிஷன் டைமிங்கைப் பின்னுக்குத் தள்ளுங்கள். காற்று-பெட்ரோல் விகிதத்தை அளக்கும் வைட்பேண்ட் சென்சார் இல்லாமல் யாரும் முழுதாக மிதிக்கவே கூடாது. பூஸ்டில் காற்று-பெட்ரோல் விகிதம் 12-க்குப் பக்கத்தில் இருக்கட்டும், 13-ஐத் தாண்டினால் காலை எடுங்கள். பழைய இன்ஜெக்டர்கள் போதுமா என்று பார்த்தீர்களா? எஞ்சின் சும்மா ஓடும்போது, காற்றைச் சுற்றி விடும் பைபாஸ் வால்வ் திறக்கிறதா? இல்லையென்றால் சூப்பர்சார்ஜர் வேலையில்லாமல் சூடேறிக்கொண்டே இருக்கும், பெட்ரோலும் வீண். கடைசியாக பிரேக். மூட்டையோடு மேலே ஏறுகிற வேகத்தைப் பற்றி எல்லோரும் எழுதுகிறீர்கள். தானா ராத்தா 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காய்கறி ஏற்றிக்கொண்டு அங்கிருந்து இறங்க வேண்டுமே! அரேனாவின் பின் டிரம்மைக் கடைசியாக எப்போது திறந்து பார்த்தீர்கள்?

செண்டிரியாங் பெண்

கிராணி ஐயா சொன்னதில் தவறில்லை. ஆனால் அரேனா தம்பி கேட்டது அது இல்லை. அண்ணனுக்கு என்ன கேட்டது என்பதுதான் கேள்வி.

மேற்கு ஆஸ்திரேலியாவில் ஒரு பட்டறையில் சில ஆண்டுகள் வேலை செய்தேன். அங்கே டி.ஆர்.டி. ஹைலக்ஸ் வரும்; 2008-இல் டொயோட்டா ஆஸ்திரேலியா தானே சூப்பர்சார்ஜர் போட்டு விற்ற வண்டி. 4 லிட்டர் வி6, 225 கிலோவாட், 453 நியூட்டன் மீட்டர். ஒருவர் அதில் புல்லியைச் சிறிதாக்கிக்கொண்டு வந்தார். எங்கள் மூத்த மெக்கானிக் ஒரு செப்புக் குழாயின் நுனியைத் தட்டையாக அடித்து, துளை போட்டு, எஞ்சின் பிளாக்கில் ஒரு போல்ட்டில் முடுக்கினார். மறுமுனையில் ரப்பர் குழாய். அதைக் காதுமூடியில் செருகி என் தலையில் மாட்டினார். வெளியே ஊளை, விசிறி, டயர் எல்லாம் அடங்கிப்போயின. மூன்றாயிரத்தைத் தாண்டியதும் கேட்டது: உலோகத்துக்குள் உலோகம் தட்டுகிற மெல்லிய, கூரிய 'டிக், டிக்'. வண்டிக்காரருக்கு வெளியே ஒன்றுமே கேட்கவில்லை, நம்பவும் இல்லை. அவர் தலையிலும் மாட்டினோம். முகம் மாறிவிட்டது.

நாக் சத்தத்தின் சுருதி சிலிண்டர் விட்டத்தைப் பொறுத்தது. 4ஜி15-இன் விட்டம் 75.5 மில்லிமீட்டர், கணக்குப்படி ஏழரைக் கிலோஹெர்ட்ஸ் பக்கம் வரும். சூப்பர்சார்ஜரின் ஊளை அதைவிடத் தாழ்ந்தது, ஆனால் பெரியது. அதற்கு அடியில் இது மறைந்துவிடும். அரேனாவின் டாஷ்போர்டு ஏற்றத்தில் எப்படிக் கலகலக்கும் என்று உங்களுக்கே தெரியும், அதுவும் சேர்ந்துகொள்ளும். அண்ணன் கையை வைத்து அழுத்தியது அந்தக் கலகலப்பை அடக்கத்தான் என்று நினைக்கிறேன். ஏதோ ஒன்று ஒரு நொடி காதில் பட்டிருக்கும்; நிச்சயப்படுத்திக்கொள்ள மற்றதை நிறுத்தினார். என் அப்பாவும் லோரியில் அப்படிச் செய்வார்.

பீடோர் டட்சன்

ஐயா, மரியாதைக் குறைவாக எழுதவில்லை. 'சும்மா' என்பதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஆனால் உங்கள் 6-71-இல் புளோவர் பல்சக்கரத்தில் ஓடுகிறது, எங்களுடையது பெல்ட்டில். எங்கள் வலி அங்கேதான் இருக்கிறது.

அரேனாக்காரன், தாப்பா

அக்கா, செப்புக் குழாய் செய்துவிட்டோம். அண்ணனிடம் கையைப் பற்றிக் கேட்டேன். "பிளாஸ்டிக் சத்தம் போட்டது, அமுக்கினேன்" என்றார், அவ்வளவுதான்.

60 மில்லிமீட்டர் புல்லி ஒன்று கடைந்து வாங்கி, அதே ஏற்றத்தில், அதே மூட்டைகளோடு ஓட்டினோம். அண்ணன் ஓட்டினார், காதுமூடி என் தலையில். ரோன் 95-இல் 4,500-க்கு மேல் 'டிக்' தெளிவாகக் கேட்டது. 97-இல் மிகவும் குறைந்தது, ஆனால் மேல் வளைவில் எஞ்சின் சூடேறியபின் மீண்டும் வந்தது. இண்டர்கூலர் வைக்கிறவரை 65-தான் என்று முடிவு செய்து அன்றே மாற்றிவிட்டோம். பின் டிரம்மையும் திறந்தோம், கிராணி ஐயா. வலப்பக்கப் பிரேக் சிலிண்டர் கசிந்திருந்தது.

60 மில்லிமீட்டர் புல்லி சும்மா கிடக்கிறது. ஆறு வரி, அலுமினியம், ஏ.எம்.ஆர்.500 தண்டுக்கு அளவானது. இண்டர்கூலர் வைத்திருப்பவர்கள் தாப்பா வந்தால் எடுத்துக்கொள்ளலாம், காசு வேண்டாம்.