கோவிட் நிமோனியா, டிஸ்சார்ஜ் ஆகி ஆறு வாரம்: மூச்சு, களைப்பு, மாறிப்போன மணம், சுகர்

கேள்வி: உறையூர் வாசகி

வணக்கம். அம்மாவுக்கு 57 வயது, 62 கிலோ. சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் கிளிமெபிரைடும் எடுக்கிறார். கோவிட் நிமோனியாவுக்கு ஆக்சிஜன் வைத்துப் பார்த்து டிஸ்சார்ஜ் ஆகி ஆறு வாரம் ஆகிறது. நுரையீரலில் நிழல் மிச்சம் இருப்பதாகச் சொல்லி பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை 20 மி.கி. கொடுத்தார்கள். அப்போது சுகர் ஏறியதால் கிளிமெபிரைடை 2 மி.கி. காலை, இரவு என்று கூட்டினார்கள். இந்த வாரம் பிரெட்னிசோலோன் 10 மி.கி.க்கு இறங்கியிருக்கிறது.

உட்கார்ந்திருக்கும்போது ஆக்சிமீட்டரில் 97. மாடிப்படி ஏறியதும் 92 காட்டுகிறது, கொஞ்ச நேரத்தில் திரும்ப ஏறிவிடுகிறது. மூச்சுப் பயிற்சிக்கான மூன்று பந்துக் கருவியில் மூன்றாவது பந்து எழும்பவே இல்லை. ஒரு நாள் தெம்பாக இருக்கிறது என்று வீட்டு வேலை முழுக்கச் செய்தால் அடுத்த இரண்டு நாள் படுக்கைதான். காபி வாடை சாக்கடை மாதிரி இருக்கிறதாம், தாளிக்கும் வாசனை வந்தாலே குமட்டுகிறது. விடியற்காலையில் வியர்த்து நடுங்குகிறது, சாயங்காலம் பார்த்தால் சுகர் 260. சொந்தக்காரர்கள் "தினமும் நடக்க வை, ஆவி பிடி" என்கிறார்கள். இதில் எதை முதலில் பார்ப்பது?

பதில் 1: நீரிழிவு செவிலியர், மதுரை

முதல்ல விடியற்காலை வியர்வை. மத்ததெல்லாம் ஒரு வாரம் பொறுக்கும், இது பொறுக்காது.

காலைல போடற பிரெட்னிசோலோன் சுகரை ஏத்துறது மதியத்துக்கு மேல ராத்திரி வரைக்கும். விடியும்போது அதோட வேகம் அடங்கிடும். அதனாலதான் சாயங்காலம் 260 வருது, வெறும் வயித்துல நல்லா இருக்கற மாதிரி தெரியுது. 20 மி.கி. போட்டப்போ கூட்டின கிளிமெபிரைடு, பிரெட்னிசோலோன் 10க்கு இறங்கின பிறகும் அப்படியே ஓடுது. ராத்திரி டோஸ் விடியற்காலைல சுகரைக் கீழ தள்ளுது. வியர்வை, நடுக்கம், படபடப்பு மூணும் தாழ்சர்க்கரைக்கான அடையாளம்.

இன்னிக்கு ராத்திரி 3 மணிக்கு அலாரம் வச்சு விரல் குத்திப் பாருங்க. வியர்க்கும்போதும் உடனே பாருங்க. 70க்குக் கீழ இருந்தா சர்க்கரை மூணு டீஸ்பூன் அரை டம்ளர் தண்ணில கரைச்சுக் குடுங்க. 15 நிமிஷம் கழிச்சு மறுபடி பாருங்க, ஏறலைன்னா இன்னொரு தடவை அதே அளவு. ஏறினதும் ரெண்டு பிஸ்கட்டோ ஒரு இட்லியோ. லட்டு, சாக்லேட் வேண்டாம், அதுல இருக்கற கொழுப்பு சர்க்கரை ரத்தத்துல சேர்றதைத் தாமதப்படுத்தும். ஆள் மயக்கமா இருந்தா வாயில எதையும் ஊத்தாதீங்க, 108 கூப்பிடுங்க.

டாக்டரை நாளைக்கே கூப்பிட்டு ராத்திரி கிளிமெபிரைடைப் பத்திக் கேளுங்க. போனில் சொல்ல நாலு எண் வேணும்: விடியற்காலை 3 மணி, வெறும் வயிறு, மதியச் சாப்பாட்டுக்கு ரெண்டு மணி நேரம் கழிச்சு, ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னாடி. வெறும் வயித்து எண்ணை மட்டும் சொன்னா "கன்ட்ரோல்ல இருக்கு"ன்னு அப்படியே விட்டுடுவாங்க.

பிரெட்னிசோலோனை நீங்களா நிறுத்திடாதீங்க. மூணு வாரத்துக்கு மேல போட்டா, உடம்புக்கான ஸ்டீராய்டைத் தானே சுரக்கற அட்ரினல் சுரப்பி தன் வேலையைக் குறைச்சிடும். திடீர்னு விட்டா வாந்தி, எழுந்தா தலைசுற்றல், ரத்த அழுத்தம் இறங்கறது எல்லாம் வரும். குறைக்கிற வாரங்கள்ல வர்ற சோர்வுல ஒரு பங்கு இதனாலயும் இருக்கலாம், டாக்டர்கிட்ட அதையும் சொல்லுங்க.

சுகரும் ஸ்டீராய்டும் சேர்ந்த உடம்பு. அதனால 2021 இரண்டாம் அலைல பார்த்த கருப்புப் பூஞ்சையை மறக்கக் கூடாது. ஒரு பக்கம் மட்டும் முகவலி அல்லது வீக்கம், மூக்கிலிருந்து கருத்த சளி, இரட்டைப் பார்வை, இமை தொங்கறது, மேல்வரிசைப் பல் ஆடறது. இதுல ஒண்ணு வந்தாலும் அன்னிக்கே காது மூக்கு தொண்டை மருத்துவர்.

பதில் 2: பிசியோதெரபிஸ்ட், கோவை

92 என்ற எண்ணை அப்படியே நம்பவும் வேண்டாம், அலட்சியம் செய்யவும் வேண்டாம். படி ஏறிய கையோடு மாட்டினால் விரல் அசைவிலேயே எண் தாழ்ந்து காட்டும். நகச்சாயம், மருதாணி, குளிர்ந்த விரல் மூன்றும் கெடுக்கும். உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கி, நடுவிரலில் மாட்டி, கையை நெஞ்சு உயரத்தில் மேசை மேல் வைத்து, எண் நிலைக்கும் வரை ஒரு நிமிடம் காத்திருங்கள். நாடித்துடிப்பு எண் தாவிக்கொண்டே இருந்தால் ஆக்சிஜன் எண்ணுக்கும் அர்த்தமில்லை. கருத்த தோலில் இந்தக் கருவி உண்மையைவிடச் சற்று உயர்த்திக் காட்டக்கூடும். அதனால் எண் நன்றாக இருந்தும் ஆள் திணறினால் ஆளைத்தான் நம்ப வேண்டும்.

உண்மையிலேயே இறங்குகிறதா என்று பார்க்க ஒரு நிமிட உட்கார்-எழு சோதனை போதும். கை வைக்காத நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, தன் வேகத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்து எழ வேண்டும். ஆக்சிமீட்டர் விரலிலேயே இருக்கட்டும். முடிந்த பிறகும் ஒரு நிமிடம் பாருங்கள், மிகத் தாழ்ந்த எண் பெரும்பாலும் அப்போதுதான் வரும். ஓய்வு எண்ணிலிருந்து 3 அல்லது அதற்கு மேல் இறங்கினால் நுரையீரல் மருத்துவரிடம் சொல்ல வேண்டிய செய்தி அது. ஓய்விலேயே 96க்குக் கீழ் இருக்கும் நாளில், நெஞ்சுவலி இருந்தால், சுகர் தாழ்ந்திருந்தால் இந்தச் சோதனை வீட்டில் வேண்டாம். ஓய்வில் 92 அல்லது அதற்குக் கீழ் போனால் காத்திருக்காமல் மருத்துவமனை. திடீர் நெஞ்சுவலி, ஒரு காலில் மட்டும் வீக்கம், இருமலில் ரத்தம் என்றாலும் அப்படியே. கோவிட்டுக்குப் பின் ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போகும் ஆபத்து உண்டு.

மூன்று பந்து: பலர் இதை ஊதுகிறார்கள். ஊதக் கூடாது, உறிஞ்ச வேண்டும். பந்துகளின் மேல் 600, 900, 1200 என்று எழுதியிருக்கும். நொடிக்கு எத்தனை சி.சி. காற்று உள்ளே போகிறது என்பதற்கான எண் அது. வெடுக்கென்று இழுத்தால் மூன்றும் ஒரு கணம் துள்ளி விழும், நுரையீரலின் அடிப்பகுதிக்குக் காற்றே போகாது. மூச்சை இயல்பாக வெளியே விட்டு, உதட்டால் இறுக்கிப் பிடித்து, முதல் பந்து மட்டும் எழுந்து மேலேயே 3 நொடி நிற்கும்படி மெதுவாக இழுப்பது அதைவிடப் பல மடங்கு நல்லது. பிறகு இரண்டாவது பந்து. மூன்றாவது எழாமலே போனாலும் குறை ஒன்றுமில்லை. கருவி நேராக நிற்க வேண்டும், சாய்த்துப் பிடித்தால் பந்து சுலபமாக ஏறிக் கணக்கை ஏமாற்றும். ஒரு வேளைக்கு பத்து மூச்சு, ஐந்து முடிந்ததும் இடைவெளி. தலை சுற்றினால் நிறுத்திவிடுங்கள். வாய்க்குழாயைத் தினமும் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவையுங்கள்.

படியில்: நின்றபடி மூச்சை இழுத்து, காலைத் தூக்கி வைக்கும்போது உதட்டைக் குவித்து வெளியே விட வேண்டும். பெரும்பாலோர் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறார்கள், திணறலில் பாதி அதனால் வருவது.

ஆவி பிடிப்பது நுரையீரலுக்கு எதுவும் செய்யாது. கொதிக்கும் பாத்திரம் கவிழ்ந்து வெந்துபோவதுதான் மிச்சம்.

உறையூர் வாசகி

மிக்க நன்றி. வெளியே விட்டபடி ஏறச் சொன்னேன், இரண்டு படி அதிகமாக ஏறுகிறார். சுகருக்கு நாளை காலை டாக்டரிடம் பேசுகிறேன். களைப்பு விஷயம் மட்டும் புரியவில்லை. நடந்தால்தானே தெம்பு வரும்?

பதில் 3: பிசியோதெரபிஸ்ட், கோவை

எல்லோருக்கும் அப்படி இல்லை. படுக்கையில் கிடந்து தசை தளர்ந்தவருக்கு நடை நல்லது. கொஞ்சம் களைப்பார், தூங்கி எழுந்தால் சரியாகிவிடுவார். உங்கள் அம்மாவுக்கு நடப்பது வேறு. வேலை செய்த அன்று நன்றாக இருந்து, மறுநாளோ அதற்கடுத்த நாளோ மொத்தமாகச் சரிவது, உழைப்புக்குப் பின் வரும் வீழ்ச்சி. இந்த வகையினரை வாராவாரம் கூட்டிக் கூட்டி நடக்க வைப்பதை உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதலே வேண்டாம் என்கிறது. "மனசு வச்சா முடியும்" என்று விரட்டுகிறவர்களிடமிருந்து அம்மாவைக் காப்பது இப்போது உங்கள் வேலை.

ஒரு நோட்டில் மூன்று பத்தி போடுங்கள்: செய்த வேலையும் நேரமும், அன்று இரவு களைப்பு 10க்கு எவ்வளவு, மறுநாளும் அதற்கடுத்த நாளும் எவ்வளவு. இரண்டு வாரத்தில் எந்த அளவைத் தாண்டினால் விழுகிறார் என்பது தெரிந்துவிடும். அந்த அளவில் பாதியைத் தினசரி வரம்பாக வையுங்கள். தெம்பான நாளிலும் அதே வரம்புதான், இதைக் கடைப்பிடிப்பதுதான் எல்லோருக்கும் கஷ்டம். விழாமல் இரண்டு வாரம் போனால் ஒரே ஒரு வேலையை மட்டும் சிறிதாகக் கூட்டலாம்.

காய் நறுக்குவது உட்கார்ந்து. குளிப்பது ஸ்டூலில், ரொம்பச் சூடில்லாத தண்ணீரில். குளியலும் சமையலும் ஒரே வேளையில் வேண்டாம். தண்ணீர்க் குடம், மாவு கிரைண்டர் கல், ஈரத்துணி வாளி மூன்றும் இப்போதைக்கு வேறு ஆள் கையில். வேலை நடுவே பேசச் சொல்லுங்கள், முழு வாக்கியம் வராவிட்டால் வேகம் அதிகம்.

இன்னொன்றும் பாருங்கள். பத்து நிமிடம் படுக்க வைத்து நாடியை எழுதுங்கள். பிறகு சுவரோரம் நிற்க வைத்து, பக்கத்தில் ஆள் நின்றபடி, 1, 3, 5, 10ஆம் நிமிடங்களில் நாடியும் ரத்த அழுத்தமும் எழுதுங்கள். அழுத்தம் இறங்காமல் நாடி மட்டும் 30க்கு மேல் ஏறி நிலைத்தால், களைப்பின் ஒரு பகுதி நிற்பதாலேயே வருகிறது. அதற்குத் தனி மருத்துவம் உண்டு. உப்பு கூட்டச் சொல்லி எங்காவது படித்தால், ரத்த அழுத்தமும் சிறுநீரகமும் பார்க்காமல் செய்யாதீர்கள்.

பதில் 4: காது மூக்கு தொண்டைப் பிரிவு, தஞ்சாவூர்

மணம் மாறித் தெரிவது பெரும்பாலும் மீட்சியின் ஒரு கட்டம். வைரஸ் முதலில் தாக்குவது மூக்கின் மேற்பகுதியில் நரம்பணுக்களைத் தாங்கி நிற்கும் துணை அணுக்களை. பிறகு நரம்பிழைகள் திரும்ப வளரும்போது எல்லாம் சரியாக இணைவதில்லை. வறுத்த காபியிலும் வெங்காயம், பூண்டு, முட்டையிலும் இருக்கும் கந்தகச் சேர்மங்கள் மிகச் சிறு அளவிலேயே மூக்கைத் தூண்டுபவை. அதனால் அவைதான் முதலில் நாறுகின்றன.

மணப்பயிற்சி 2009இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்து ஆய்வில் வந்த முறை: ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ். நான்கு மூடி போட்ட சிறு பாட்டில், ஒவ்வொன்றிலும் பஞ்சு, மேலே சில சொட்டு எண்ணெய். காலை ஒரு தடவை, இரவு ஒரு தடவை, ஒவ்வொன்றும் 10 முதல் 20 நொடி, நடுவில் சற்று இடைவெளி. ஆழமாக இழுக்காமல் முயல் மோப்பம் பிடிப்பதுபோல் குட்டிக் குட்டியாக முகர வேண்டும். முகரும்போது அந்தப் பொருளை நினைவில் கொண்டுவர வேண்டும். குறைந்தது 12 வாரம், பலருக்கு அதற்கும் மேல். எண்ணெய் மங்கினால் மாற்றுங்கள். மூக்குக்குள் எதையும் விடாதீர்கள். யூகலிப்டஸில் குளிர்ச்சி தெரிந்தால் மணம் வந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். அது முகத்தின் உணர்ச்சி நரம்பு சொல்வது.

சாப்பாட்டை ஆறவைத்துக் கொடுங்கள், ஆவி குறைந்தால் நாற்றமும் குறையும். தயிர்ச்சாதம், இட்லி, பாசிப்பருப்புக் கஞ்சி, பனீர் ஆகியவை பலருக்கு ஒத்துப்போகின்றன. தாளிப்பதை அம்மா வேறு அறையில் இருக்கும்போது, ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள். சாப்பாடு குறைந்த நாளில் சுகர் மாத்திரை அதே அளவில் போனால் மதுரைக்காரர் சொன்ன ஆபத்து இரட்டிப்பாகும், எடையை வாரம் ஒரு முறை எழுதுங்கள்.

பதில் 5: கேஸ் சர்வீஸ் மெக்கானிக், சேலம்

ஒண்ணு விட்டுட்டீங்க. சமையல் கேஸுக்கு வாடையே கிடையாது, கசிஞ்சா தெரியணும்னு மெர்காப்டன்னு ஒரு கந்தகப் பொருளைக் கலக்கறாங்க. மணம் போனவங்களுக்கு அந்த எச்சரிக்கை கிடைக்காது. மணம் மாறினவங்களுக்கு அது வேற ஏதோ வாடையா தெரியும். அம்மா தனியா சமைக்கற வீடுன்னா இதை இன்னிக்கே பாருங்க.

ராத்திரியும் வெளிய போகும்போதும் ரெகுலேட்டரை ஆஃப் பண்ணணும், அடுப்புக் குமிழை மட்டும் மூடினா போதாது. ஆரஞ்சு சுரக்ஷா குழாய் மேல தேதி இருக்கும், அஞ்சு வருஷம் ஆச்சுன்னா மாத்துங்க. சோப்பு நுரையைக் குழாய் ரெண்டு முனையிலயும் தடவுங்க, குமிழ் வந்தா கசிவு. தீக்குச்சி வச்சுப் பார்க்கவே கூடாது. அலாரம் வாங்கினா தரையிலிருந்து ஒரு அடி உயரத்துக்குள்ள மாட்டுங்க. எல்பிஜி காத்தைவிட கனம், கீழதான் தேங்கும். சீலிங் பக்கம் மாட்டினா அது அடிக்கறதுக்குள்ள காலம் கடந்துடும். கரண்ட் போனாலும் ஓடற பேட்டரி வகை பாருங்க. கசிவுன்னு தெரிஞ்சா சுவிட்சைத் தொடாம, ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து வெளிய வந்து 1906க்குப் போன் பண்ணுங்க.

உறையூர் வாசகி

குழாயில் ஏழு வருஷத்துக்கு முந்தைய தேதி இருக்கிறது, நாளைக்கே மாற்றச் சொல்லிவிட்டேன். நேற்று ராத்திரி 3 மணிக்கு சுகர் 64 இருந்தது, சர்க்கரைத் தண்ணீர் கொடுத்ததும் 98க்கு வந்தது. டாக்டர் ராத்திரி கிளிமெபிரைடை நிறுத்தச் சொல்லிவிட்டார்.

பதில் 6: நீரிழிவு செவிலியர், மதுரை

நல்ல வேளை பார்த்தீங்க. பிரெட்னிசோலோன் 5க்கு இறங்கற அன்னிக்கு மறுபடி மூணு நாள் அதே நாலு நேரம் பாருங்க, காலை டோஸும் குறைக்க வேண்டி வரலாம்.